நகைக்கடன் விதியும் நீலகிரிச் சிறு தேயிலை விவசாயியும்: ரிசர்வ் வங்கியை அரசு கேள்வி கேட்ட முறை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று இந்திய ரிசர்வ் வங்கி தங்க நகைக்கடன் குறித்த வரைவு விதிகளை வெளியிட்டது. ஜூன் 6 அன்று அவற்றின் இறுதி வடிவம் வந்தது. இரண்டுக்கும் இடையில், சிறுகடன் வாங்குவோரைப் பாதிக்கும் பிரிவுகள் கணிசமாக மாறியிருந்தன. பொதுமக்கள் கருத்துச் சொல்வதற்கான கெடு மே 12 அன்று முடிந்துவிட்ட நிலையில், மே 30 அன்று ஒன்றிய நிதியமைச்சகம் தன் யோசனைகளைச் சமூக ஊடகத்தில் பகிரங்கமாக அறிவித்தது; ஒரு வாரத்தில் இறுதி விதி வந்தது. தன்னாட்சி கொண்ட ஒரு நிதி ஒழுங்காற்று அமைப்பை அரசு எந்த வழியில் கேள்வி கேட்கிறது, அந்தக் கேள்விக்கு யார் பொறுப்பேற்கிறார்கள் என்பதைப் படிப்பதற்கு, சாதாரண மக்களின் கைக்கு இவ்வளவு அருகில் வந்த நிகழ்வு அண்மைக் காலத்தில் வேறில்லை என்றே சொல்லலாம்.

இந்த ஆய்வு அந்த நிகழ்வை நீலகிரி மாவட்டத்தில் நின்று பார்க்கிறது. நகைக்கடன் தமிழ்நாடு முழுவதும் பரவிய வழக்கம்தான் என்றாலும், இந்த மலையில் அதற்கு மாற்று மிகக் குறைவு.

மலையில் நகை ஏன் அடமானமாகிறது

கோத்தகிரி, குன்னூர், குந்தா வட்டாரங்களின் சிறு தேயிலை விவசாயிகள் பெரும்பாலும் ஓரிரு ஏக்கரில் பயிர் செய்பவர்கள். பறித்த பசுந்தேயிலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ தனியார் தொழிற்சாலைக்கோ கொடுத்துவிட்டு, மாதாந்திர விலை நிர்ணயமாகிப் பணம் கைக்கு வரும்வரை காத்திருப்பது இவர்களுடைய வாழ்க்கையின் ஒழுங்கு. உறைபனி விழும் மாதங்களில் கொழுந்து வராது. கவாத்து செய்த தோட்டம் பல வாரங்கள் எதுவும் தராது. உரமும் ஆள்கூலியும் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வரும். வருவாய் வரும் காலமும் செலவு வரும் காலமும் ஒத்துப்போகாத இந்த இடைவெளியை நிரப்புவது பீரோவில் இருக்கும் நகை. அதை வைத்துப் பணம் வாங்குவதும், இலைப் பணம் வந்ததும் திருப்புவதும், திருப்ப முடியாதபோது வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பதும் ஹட்டிகள் எனப்படும் மலைக் கிராமங்களில் வெட்கத்துக்குரிய செயல்களாகக் கருதப்படுவதில்லை. அவை வரவு செலவின் ஒரு பகுதி.

கூடலூர், பந்தலூர் வட்டங்களில் நிலைமை இன்னும் இறுக்கமானது. ஜென்மம் எனப்படும் பெருநில உரிமையை ஒழிக்கும் கூடலூர் ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன் 17ஆம் பிரிவுக்குள் வரும் நிலங்களில் தலைமுறைகளாகப் பயிர் செய்து வருவோர் பலருக்கு இன்றுவரை பட்டா இல்லை. பட்டா இல்லாத நிலத்தை எந்த வங்கியும் அடமானமாக ஏற்காது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கோ குடியிருக்கும் லயன் வீடுகூட, அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகூட, சொந்தமில்லை. இவர்களைப் பொறுத்தவரை, ஒரு வங்கிக் கிளையின் கவுன்டரில் எடுத்து வைக்கக்கூடிய சொத்து என்று ஒன்று இருந்தால், அது காதிலும் கழுத்திலும் இருப்பதுதான். ஆகவே நகைக்கடன் விதியில் வரும் ஒரு சதவீத மாற்றம், சமவெளியில் வீட்டுப் பத்திரமும் நகையும் வைத்திருப்பவரைவிட, மாற்று அடமானம் எதுவும் இல்லாத இவர்களைக் கூடுதலாகத் தொடுகிறது.

வரைவு வந்த காரணம்

ரிசர்வ் வங்கி காரணமில்லாமல் இதில் இறங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2024 மார்ச் 4 அன்று ஐஐஎஃப்எல் ஃபைனான்ஸ் என்ற வங்கிசாரா நிதி நிறுவனம் புதிதாக நகைக்கடன் வழங்குவதற்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. தங்கத்தின் தரத்தையும் நிகர எடையையும் மதிப்பிட்டதில் பிறழ்வுகள், கடன் வரம்பு மீறல், ஏலத்தில் முறைகேடு ஆகியவை காட்டப்பட்ட காரணங்களுள் அடங்கும். அந்தத் தடை செப்டம்பர் 19 அன்று நீங்கியது. அதே செப்டம்பர் 30 அன்று வந்த சுற்றறிக்கை, வாடிக்கையாளர் முன்னிலையில் இல்லாமல் நகையை மதிப்பிடுவது, மூன்றாம் தரப்பினரை நம்பிக் கடன் கொடுப்பது, ஏலத்தில் வெளிப்படைத்தன்மை இல்லாமை போன்ற குறைகளைத் துறை முழுவதிலும் கண்டதாகக் கூறி, மூன்று மாதங்களுக்குள் சரிசெய்யுமாறு பணித்தது. தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போனதால் 2024-25இல் வங்கிகளின் நகைக்கடன் நிலுவை ஏறக்குறைய இரு மடங்கானது. அதில் ஒரு பகுதி, விவசாயக் கடனாக எழுதப்பட்டிருந்தவை வகை மாற்றப்பட்டதால் வந்தது என்றாலும், வேகம் கவலைக்குரியதாகவே இருந்தது. ஏலத்தில் நகை மூழ்கிப்போன ஒரு குடும்பத்தைக் கேட்டால், இந்தக் கண்காணிப்பு தாமதமாக வந்தது என்றுதான் சொல்வார்கள்.

கடன் வரம்பைக் கூட்டுவதும் குறைப்பதும் ரிசர்வ் வங்கிக்குப் புதிதல்ல. வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு 2012 மார்ச்சில் நகை மதிப்பில் 60 சதவீதம் என்று வரம்பு வந்தது; 2014 ஜனவரியில் அது 75 சதவீதமானது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், வங்கிகள் வழங்கும் விவசாயமல்லாத நகைக்கடனுக்கு மட்டும் 90 சதவீதம் வரை அனுமதித்து, 2021 மார்ச் 31 வரை அதை வைத்திருந்தார்கள்.  அப்படியிருக்க, 2025இல் மாநிலத் தலைநகரிலிருந்து கடிதம் ஏன் பறந்தது என்பதுதான் கேள்வி.

மூன்று பவுனின் கணக்கு

வரைவின் மையம், நுகர்வுக் கடனுக்கு நகை மதிப்பில் 75 சதவீதம் என்ற வரம்பும், தவணை இல்லாமல் கடைசியில் மொத்தமாகத் திருப்பும் கடனில் அந்த வரம்பை வட்டியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்ற நிபந்தனையும் ஆகும். பல வங்கிசாரா நிறுவனங்கள் அதுவரை அசலை மட்டுமே கணக்கில் எடுத்துவந்தன. இதன் விளைவை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். மூன்று பவுன், அதாவது 24 கிராம் ஆபரணத் தங்கம், கிராமுக்கு 9,000 ரூபாய், ஆண்டு வட்டி 10 சதவீதம், கடன் காலம் ஓராண்டு என்று வைத்துக்கொள்வோம். நகையின் மதிப்பு 2,16,000 ரூபாய். அசலை மட்டும் எண்ணினால் 75 சதவீதத்தில் கிடைக்கும் கடன் 1,62,000. வட்டியையும் சேர்த்து எண்ணினால், ஆண்டு முடிவில் செலுத்த வேண்டிய தொகை 1,62,000ஐத் தாண்டக் கூடாது என்பதால், கையில் கிடைப்பது ஏறக்குறைய 1,47,270 ரூபாய்தான். பதினாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் வித்தியாசம் மும்பையிலிருந்து பார்க்கும்போது சிறிதாகத் தோன்றலாம். ஒரு ஏக்கர் தோட்டத்துக்கு ஒரு சுற்று உரமும் ஆள்கூலியும் அதற்குள் அடங்கும்.

இதோடு கடனைத் திருப்பும் தகுதியை ஆராய வேண்டும், பணம் எதற்குச் செலவானது என்று கவனிக்க வேண்டும், நகை யாருடையது என்பதற்கு ஆதாரம் பதிவுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனைகளும் இருந்தன. மலையில் பெரும் அச்சத்தைக் கிளப்பியது கடைசியில் சொன்னதுதான். பாட்டியின் சங்கிலிக்கும் சீதனமாக வந்த வளையலுக்கும் யாரிடம் ரசீது இருக்கிறது? உண்மையில், வரைவைக் கூர்ந்து படித்தால், வாங்கிய ரசீது இல்லாதபோது உரிமை எவ்வாறு உறுதிசெய்யப்பட்டது என்பதை விளக்கும் வேறோர் ஆவணம் போதும் என்று அதிலேயே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் வெளியான அந்த வரைவு கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது, "ரசீது இல்லாத நகைக்குக் கடன் இல்லை" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தது. அதே மாதங்களில், வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியாது, அசலையும் முழுதாகக் கட்டி நகையை எடுத்து மறுநாள்தான் வைக்க முடியும் என்று பல கிளைகளில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒரே நாளுக்காக ஒன்றரை லட்சம் ரூபாயைக் கைமாற்றாகவோ கந்துவட்டிக்கோ புரட்ட வேண்டிய நிலை அது. அந்த அனுபவத்தின் மேல் வரைவு வந்து விழுந்ததால், இரண்டும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன.

கண்காணிப்பு இறுகும்போது பணத்தேவை மறைந்துபோவதில்லை. அது இடம் மாறுகிறது. தமிழ்நாடு அடகுக்கடைகள் 1943ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடப்பவை. ரிசர்வ் வங்கியின் ஏல நெறிமுறைகள் எதுவும் அவற்றைக் கட்டுப்படுத்தாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு வெளியே, மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. சங்கத்துக்குக் கடன் கொடுக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி ரிசர்வ் வங்கியின் விதிக்குள் வரும். சங்கமே நேரடியாக வராது. ஆக, ஒரே தெருவில் உள்ள மூன்று கதவுகளில் ஒன்றை மட்டும் இறுக்கினால் ஆள் எந்தக் கதவுக்குப் போவார் என்பதை முன்கூட்டியே கணித்திருக்க வேண்டும்.

மே மாதத்தில் நடந்தது

மே மாத இறுதியில் தமிழ்நாட்டின் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், வரைவை மறுபரிசீலனை செய்யுமாறு ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். மாநில அரசுக்கு இதில் அக்கறை இருந்ததில் வியப்பில்லை. 2021 செப்டம்பரில் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாகச் சட்டமன்றத்தில் அறிவித்ததும் இதே அரசுதான். நகைக்கடனின் அரசியல் எடையை அது நன்கு அறிந்திருந்தது. (அந்தத் தள்ளுபடியின்போது பல முறைகேடுகளும் வெளிவந்தன. அது தனியே எழுத வேண்டிய கதை.)

மே 30 அன்று நிதியமைச்சகம் சொன்னதன் சாரம் இது: அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறை வரைவை ஆராய்ந்தது, இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைவாகக் கடன் வாங்கும் சிறுகடனாளிகளை இந்த விதிகளிலிருந்து விலக்கலாம், களத்தில் நடைமுறைப்படுத்த அவகாசம் தேவை என்பதால் 2026 ஜனவரி 1 முதல் அமல்படுத்தலாம். இவற்றை ரிசர்வ் வங்கிக்கு யோசனையாகத் தெரிவித்திருப்பதாக அமைச்சகம் கூறியது.

ஜூன் 6 அன்று வந்த இறுதி விதி இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சிறுகடனை விலக்குவதற்குப் பதிலாக, மூன்று அடுக்குகளை வகுத்தது: 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம். அதற்கு மேல் 5 லட்சம் வரை 80. அதற்கும் மேல் 75. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு விரிவான தகுதி ஆய்வு தேவையில்லை. வட்டியையும் சேர்த்துக் கணக்கிடும் நிபந்தனை நீடித்தது. அமல்படுத்துவதற்கான கெடு 2026 ஏப்ரல் 1. மேலே போட்ட கணக்கை இப்போது மீண்டும் பார்த்தால், மூன்று பவுனுக்கு ஆண்டு முடிவில் செலுத்த வேண்டிய உச்சத் தொகை 1,83,600. கையில் கிடைப்பது சுமார் 1,66,900. வரைவைவிட இருபதாயிரத்துக்குச் சற்றே குறைவான கூடுதல் தொகை. அசலை மட்டும் எண்ணிய பழைய முறையைவிடவும் சிறிது அதிகம்.

கடனாளியைக் காக்கும் பிரிவுகளில் குறிப்பிடத்தக்கவை இறுதி வடிவத்தில் உள்ளன. கடன் தீர்ந்ததும் அதே நாளில், அதிகபட்சம் ஏழு வேலை நாட்களுக்குள், நகையைத் திருப்பித் தர வேண்டும். தாமதத்துக்குக் கடன் கொடுத்தவரே காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஏலத்தின் அடிப்படை விலை நகையின் நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தகவல்கள் வட்டார மொழியிலோ கடனாளி தேர்ந்தெடுக்கும் மொழியிலோ இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முக்கிய நிபந்தனைகளை, கடன் கொடுக்கும் நிறுவனத்தின் ஊழியரல்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் விளக்க வேண்டும். விதியின் உரையில் இவை நல்ல வரிகள். பந்தலூரில் ஒரு மூதாட்டி ரேகை வைக்கும் இடத்தில் அந்தச் சாட்சி உண்மையில் நிற்கிறாரா என்பதைப் பார்க்கும் கண் யாருடையது என்பது வேறு கேள்வி.

சட்டம் வைத்திருக்கும் வழிகள்

ரிசர்வ் வங்கியின் தன்னாட்சி பற்றிப் பேசும்போது, அது சட்டத்தில் எழுதப்பட்ட அளவைவிடக் கூடுதலாகக் கற்பனை செய்யப்படுவதுண்டு. 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆளுநரை நியமிப்பதும் நீக்குவதும் ஒன்றிய அரசு. மத்திய வாரியத்தில் அரசு அதிகாரிகள் அமர்கிறார்கள், ஆனால் வாக்குரிமை இல்லை. தேவைப்பட்டால் 30ஆம் பிரிவின்கீழ் வாரியத்தையே அரசு கலைத்து வைக்கலாம். உபரி வருவாய் 47ஆம் பிரிவின்கீழ் அரசுக்குப் போகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு 2,68,590 கோடி ரூபாயை வழங்க வாரியம் ஒப்புதல் அளித்தது 2025 மே 23 அன்று, அதாவது நிதியமைச்சகத்தின் நகைக்கடன் யோசனைக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒரே இரு தரப்பினர் ஒரே மாதத்தில் எத்தனை மேசைகளில் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் இதைக் குறிப்பிடுகிறேன்.

இவற்றுள் நேரடியானது 7ஆம் பிரிவு. பொதுநலன் கருதி, ஆளுநரைக் கலந்தாலோசித்த பின், வங்கிக்கு ஆணையிட அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்கான 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் 16ஆம் பிரிவு இதற்கு இணையானது. கொள்கை சார்ந்த விஷயங்களில் அரசு எழுத்துமூலம் ஆணையிடலாம், அதற்கு முன் செபி தன் கருத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், எது கொள்கை என்பதில் அரசின் முடிவே இறுதியானது. இப்படி வெளிப்படையான கதவு இருந்தும், 7ஆம் பிரிவு பல பத்தாண்டுகளாகத் திறக்கப்படாமலே இருந்தது. 2018இல் அந்தப் பிரிவின்கீழ் கலந்தாலோசனையை அரசு தொடங்கியதாகச் செய்திகள் வந்தபோதுதான் அது நாட்டின் பேச்சானது. அந்த அக்டோபர் 26 அன்று துணை ஆளுநர் விரால் ஆச்சார்யா மத்திய வங்கியின் சுதந்திரம் குறித்து ஆற்றிய உரை, அக்டோபர் 31 அன்று வங்கியின் தன்னாட்சி சட்ட வரம்புக்குள் இன்றியமையாதது என்று நிதியமைச்சகம் வெளியிட்ட அறிக்கை, டிசம்பர் 10 அன்று ஆளுநர் உர்ஜித் படேலின் விலகல் என்று ஆறு வாரங்களில் எல்லாம் நடந்து முடிந்தன. அதன்பின் அந்தப் பிரிவைப் பற்றிப் பேசுவதே மோதலின் அடையாளமாகிவிட்டது.

என் பார்வையில் நகைக்கடன் நிகழ்வின் உட்கரு இங்கேதான் இருக்கிறது. 7ஆம் பிரிவின்கீழ் எழுத்தில் ஓர் ஆணை வந்திருந்தால், அதன் விளைவுக்கு நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அரசு வாயே திறக்காமல் இருந்திருந்தால், முழுப் பொறுப்பும் ரிசர்வ் வங்கியுடையது. சமூக ஊடகத்தில் வெளியான ஒரு யோசனை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விளைவு நன்றாக அமைந்தால் இரு தரப்பும் பெயர் வாங்கலாம்; மோசமாக அமைந்தால் "நாங்கள் யோசனைதான் சொன்னோம்" என்று அமைச்சகமும், "களத்தின் கருத்துகளைக் கேட்டு மாற்றினோம்" என்று வங்கியும் சொல்லலாம்.

மோசமாக அமைவது என்றால் என்ன என்பதையும் அதே மூன்று பவுனில் பார்க்கலாம். ஓராண்டுக்குள் தங்கத்தின் விலை 20 சதவீதம் இறங்கினால் நகையின் மதிப்பு 1,72,800 ரூபாய். கடனாளி செலுத்த வேண்டியதோ 1,83,600. நகை கடனுக்கு ஈடாகாது. ஏலம் போனால் நகையும் போய், மேற்கொண்டு ஒரு பாக்கியும் நிற்கும். 75 சதவீத வரம்பில் வட்டி சேர்ந்த உச்சத் தொகை 1,62,000 என்பதால் அதே இறக்கத்தைக் கடன் தாங்கியிருக்கும். ரிசர்வ் வங்கியின் முதல் வரைவு கஞ்சத்தனமானதாகத் தெரிந்தாலும், அந்தக் கஞ்சத்தனம் ஒரு காப்பாகவும் இருந்தது. மலைவாழ் விவசாயியின் அவசரத் தேவைக்கும் அவருடைய நகையின் பாதுகாப்புக்கும் இடையிலான இந்தத் தெரிவு அரசியல் தெரிவுதான். அதைச் செய்யும் உரிமை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படிச் செய்தால் கையெழுத்திட்டுச் செய்ய வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் வலுவும் உண்டு. 2018இன் மூடிய அறைக் கடிதங்களோடு ஒப்பிடும்போது, 2025இல் அமைச்சகம் என்ன கேட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது; ரிசர்வ் வங்கி அதில் எதை ஏற்றது, எதை மாற்றியது என்பதையும் எவரும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. இரண்டு லட்சம் இரண்டரை லட்சமானதும், விலக்கு என்பது அடுக்கு வரம்பாக மாறியதும், வங்கி சொன்னபடி ஆடவில்லை என்பதைக் காட்டுகின்றன. நான் இதை மறுக்கவில்லை. ஆனால் விதியின் உரை காரணம் சொல்வதில்லை. ஏன் இரண்டரை லட்சம், ஏன் 85 சதவீதம் என்பதற்கான கணக்கு அந்த உரையில் இல்லாதபோது, ஒப்பிடுபவர் எண்களைத்தான் ஒப்பிட முடியும், நியாயங்களை அல்ல.

நாடாளுமன்றத்தின் மேசைக்கு வராத விதி

ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்கீழ் மத்திய வாரியம் இயற்றும் ஒழுங்குமுறைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். நகைக்கடன் விதியோ அந்த வகையில் சேராது. அது வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளிட்ட சட்டங்கள் தரும் அதிகாரத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்ட வழிகாட்டு ஆணை. அன்றாடம் மக்களைத் தொடும் விதிகளில் பெரும்பகுதி இந்த வடிவில்தான் வருகிறது, அவைக்குப் போவதில்லை. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிதித்துறைச் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2013 மார்ச்சில் அளித்த அறிக்கை, எல்லா நிதி ஒழுங்காற்று அமைப்புகளும் விதியை வெளியிடும் முன் அதன் செலவையும் பயனையும் ஆராய்ந்து, மக்கள் கருத்தைக் கேட்டு, வாரியத்தின் ஒப்புதலோடு வெளியிட வேண்டும் என்று கேட்டது. அந்த ஆணையத்தின் சட்ட வரைவு சட்டமாகவில்லை. ரிசர்வ் வங்கி, விதிகளை உருவாக்கும் முறை பற்றிய ஒரு சட்டகத்தை 2025 மே 7 அன்று வெளியிட்டது. கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாட்கள், விளைவு குறித்த ஆய்வு, வந்த கருத்துகளுக்குப் பொதுவான பதில் ஆகியவற்றுக்கு அது இடம் தருகிறது. நகைக்கடன் வரைவு அதற்கு ஒரு மாதம் முன்னரே வெளியாகிவிட்டது.

சட்டமே பதில் சொல்லக் கட்டாயப்படுத்தும் இடத்திலும் மறைவு இருக்கிறது. பணவீக்க இலக்கு தொடர்ந்து மூன்று காலாண்டுகள் தவறினால் காரணமும் பரிகாரமும் கூறி ரிசர்வ் வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்கிறது அதன் சட்டத்தின் 45இசட்என் பிரிவு. 2022இல் அது தவறியது. நவம்பர் 3 அன்று பணக் கொள்கைக் குழு தனியே கூடி அறிக்கையை இறுதி செய்தது. கடிதம் அரசுக்குப் போனது. பொதுமக்களுக்கு அது காட்டப்படவில்லை, சட்டம் அதைக் கோரவில்லை என்பதே விளக்கமாக இருந்தது.

நீதிமன்றம் சில இடங்களில் கதவைத் தட்டியிருக்கிறது. வங்கி ஆய்வறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் தர மறுக்க முடியாது என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. வாராக்கடன் குறித்த ரிசர்வ் வங்கியின் 2018 பிப்ரவரி 12 சுற்றறிக்கையை, சென்னையைச் சேர்ந்த தரணி சுகர்ஸ் வழக்கில், 2019 ஏப்ரலில் அது ரத்து செய்தது. எனினும் வழக்காடுவதற்கு நிறுவனங்களால் முடியும். மூன்று பவுன் வைத்தவர் டெல்லி வரை போவதில்லை.

மலையிலிருந்து மேலே செல்லும் பாதை

மூன்று பவுன் வைத்தவருக்கு இருக்கும் முறையான வழிகளில் ஒன்று, 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம். அது நடந்து முடிந்த சேவைக் குறையைத்தான் விசாரிக்கும்; விதி சரியா என்று கேட்க அங்கே இடமில்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தெற்குப் பகுதிக்கு ஒரு வட்டார வாரியத்தையும் வகுத்துள்ளது. பிரதேச நலன்களையும் கூட்டுறவு வங்கிகளின் நலன்களையும் பிரதிபலிக்கும் வகையில் அதன் உறுப்பினர்களை ஒன்றிய அரசு நியமிக்க வேண்டும். மத்திய வாரியத்துக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. 1934இல் இதை எழுதியவர்கள், வட்டாரத்தின் குரல் மையத்துக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். 2025 மே மாதத்தில் தென்னகத்தின் குரல் போன வழி அதுவல்ல, முதலமைச்சரின் கடிதம்.

இன்னும் அருகில் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் வங்கிப் பணிகளை ஒருங்கிணைக்க ஒரு வங்கியைப் பொறுப்பாக்கும் முன்னோடி வங்கித் திட்டத்தின்கீழ் நீலகிரிக்கு கனரா வங்கி முன்னோடி வங்கி. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்ட ஆலோசனைக் குழுவில் வங்கிகள், கூட்டுறவு வங்கி, வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு ஆகியவற்றோடு ரிசர்வ் வங்கியின் மாவட்ட அதிகாரியும் அமர்கிறார். கடன் இலக்கு எட்டப்பட்டதா என்று பார்ப்பதே பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் பொழுதாகக் கழிகிறது. சிறுகடனாளிகளைத் தொடும் எந்த வரைவையும் தமிழ்ச் சுருக்கத்தோடு அந்தக் குழுவின் முன் வைத்து, 17ஆம் பிரிவு நிலத்தில் பயிர் செய்பவருக்கும் லயன் வீட்டில் இருப்பவருக்கும் அதனால் என்ன ஆகும் என்ற குறிப்பை எழுதி வாங்கி, ரிசர்வ் வங்கி அந்தக் குறிப்பைத் தன் பதிலோடு சேர்த்து வெளியிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்ட அளவில் எத்தனை நகைகள் ஏலம் போயின, எத்தனை திருப்பப்பட்டன, எத்தனை மாற்றி வைக்கப்பட்டன என்ற கணக்கையும் அதே குழு ஆண்டுதோறும் கேட்டுப் பெற முடியும். நாடாளுமன்றத்தின் நிதி நிலைக்குழு ரிசர்வ் வங்கி ஆளுநரை அழைக்கும் நாளில், 85 சதவீதம் மலையில் என்ன செய்தது என்று கேட்பதற்கு அந்தக் கணக்குதான் தேவைப்படும். உறைபனி மாதங்களில் வைத்த நகைகள் அடுத்த உறைபனிக்குள் திரும்பினவா என்பதை வேறு எந்த ஆவணத்திலிருந்தும் கண்டுபிடிக்க வழியில்லை.